வாசல், திண்ணை, ரேழி: பெண்ணுடலில் இன்பம் எங்கே இருக்கிறது?

"கீழ எரியுது டாக்டர்." மகளிர் மருத்துவரின் அறையில் நாள் தவறாமல் கேட்கும் பேச்சு இது. அந்தக் 'கீழ' சிறுநீர் வரும் இடமாக இருக்கலாம், வெளித்தோலாக இருக்கலாம், உள்ளே போகும் குழாயாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. அதனால் மருத்துவர் கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் இடத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பல் வலி என்றால் கடைவாய்ப் பல்லா, முன்பல்லா என்று சொல்லத் தெரிகிறது. இங்கே மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

நோய் விஷயத்திலேயே இப்படி என்றால் இன்பம் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாட்ஸ்அப் ஜோக், நள்ளிரவு டிவி நிகழ்ச்சி, மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர், கல்யாணத்துக்கு முந்தின நாள் நண்பர்கள் ஓதும் ஞானம் என்று எல்லா இடத்திலும் பெண்ணுடல் பற்றி ஏதோ ஒன்று சொல்லப்படுகிறது. பாதிக்கு மேல் தப்பு. அந்தத் தப்புகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் பேசுவது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம். உயிரியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் பெயர்கள்

பழைய காலத்து ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரிவது வாசலும் திண்ணையும். வாசலைத் தாண்டினால் ரேழி, அதாவது உள்ளே போகும் குறுகலான நடை. ரேழி முடிந்தால் ஒரு கதவு, அதற்கப்புறம் கூடம்.

பெண்ணின் உறுப்பும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் பகுதி முழுவதற்கும் வல்வா என்று பெயர். அதுதான் திண்ணையும் வாசலும். உள்ளே போகும் நடைதான் யோனிக்குழாய். மாதவிடாய் ரத்தம் வெளியே வருவதும் குழந்தை வெளியே வருவதும் இந்த வழியாகத்தான். ரேழியின் கடைசியில் உள்ள கதவு கருப்பை வாய். கூடம் கருப்பை.

நாம் என்ன செய்கிறோம் என்றால், திண்ணையிலிருந்து கூடம் வரை எல்லாவற்றையும் 'யோனி' என்றோ 'பெண்குறி' என்றோ ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிடுகிறோம். அப்புறம் திண்ணையில் இருப்பதை ரேழிக்குள் தேடுகிறோம்.

திண்ணையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் சதைப்பற்றான, முடி வளரும் மடிப்புகள் பேரிதழ்கள். அவற்றுக்கு உட்புறம் முடியில்லாத மெல்லிய மடிப்புகள் சிற்றிதழ்கள். சிற்றிதழ்கள் இரண்டும் மேலே சந்திக்கும் இடத்தில், ஒரு சின்னத் தோல் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு மொட்டு இருக்கும். அது கிளிட்டோரிஸின் நுனி. அதற்குக் கீழே சிறுநீர்த் துவாரம். அதற்கும் கீழே யோனியின் வாசல். சிறுநீர் வரும் வழியும் மாதவிடாய் வரும் வழியும் ஒன்றே என்று நினைக்கும் பெரியவர்கள், படித்தவர்களிலேயே ஏராளம். இரண்டும் தனித்தனி.

இதில் 'சரியான' வடிவம் என்று எதுவும் கிடையாது. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரத்தில் 650க்கும் மேற்பட்ட பெண்களை அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், சிற்றிதழின் நீளம் ஒருவருக்கு அரை சென்டிமீட்டர், இன்னொருவருக்கு 10 சென்டிமீட்டர். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. நிறம் உடலின் மற்ற இடங்களைவிடக் கறுத்திருப்பதும் இயல்பு. அதை 'வெளுக்க' வைக்கிறேன் என்று விற்கும் கிரீம்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. சங்கப் பாடல்களில் 'அல்குல்' கூச்சமில்லாமல் வரும். அது இடுப்பா, அடிவயிற்றின் கீழா, பெண்குறியேதானா என்று உரைகாரர்கள் முட்டிக்கொண்ட கதை தனி. கிளிட்டோரிஸுக்கோ எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு தமிழ்ச் சொல் இன்றுவரை நிலைக்கவில்லை. ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். அதனால் இங்கே கிளிட்டோரிஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கண்ணில் படுவது கைப்பிடியின் நுனி

இந்தக் கட்டுரையின் நாயகி கிளிட்டோரிஸ்தான். வெளியே தெரியும் மொட்டு பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதைப் பார்த்துவிட்டு 'ஏதோ ஒரு புள்ளி' என்று முடித்துவிட்டார்கள் ரொம்பக் காலம். என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்பு உயிரியல் புத்தகம்கூட, சிற்றிதழ்கள் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன விரல் போன்ற அமைப்பு என்று ஒரே வாக்கியத்தில் அதைக் கடந்துவிடும்.

சின்ன வயதில் மாங்காய் அடிக்கக் கவட்டை வைத்திருந்திருப்பீர்கள். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பிடி மேலே, இரண்டு கிளையும் கீழ்நோக்கி. கிளிட்டோரிஸின் முழு வடிவம் அப்படித்தான். கைப்பிடியின் நுனி மட்டும்தான் தோலுக்கு வெளியே. மீதிக் கைப்பிடி தண்டு. அது உள்ளே போய் வளைகிறது. அங்கிருந்து இரண்டு கால்கள் பிரிந்து, இடுப்பெலும்பின் ஓரத்தை ஒட்டி இரண்டு பக்கமும் இறங்குகின்றன. கால்களுக்கு உட்புறம், யோனி வாசலை இரண்டு கை கொண்டு அணைத்தது போல, இரண்டு குமிழ்கள். எல்லாம் சேர்த்து அளந்தால் சுமார் 9 முதல் 11 சென்டிமீட்டர் வரும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஜார்ஜ் லுட்விக் கோபெல்ட் 1844இலேயே குமிழ், தண்டு, கால் எல்லாவற்றையும் நுணுக்கமாக வரைந்து வெளியிட்டார். அதற்கப்புறம் வந்த பல பாடப் புத்தகங்கள் அதைச் சுருக்கின, சில விட்டே விட்டன. மெல்போர்னில் சிறுநீரக அறுவை மருத்துவம் படித்த ஹெலன் ஓகானலுக்கு உறுத்தியது இதுதான். ஆணின் உறுப்புக்குப் பக்கம் பக்கமாக விவரம் தரும் புத்தகத்தில், பெண்ணின் பகுதி வந்தால் ஓரிரு வரி. அறுவை செய்யும்போது ஆணின் நரம்புகளைக் காப்பாற்ற வரைபடம் இருந்தது, பெண்ணுக்கு இல்லை. அவரும் அவருடைய குழுவினரும் 10 பெண்களின் சடலங்களை அறுத்துப் பார்த்து 1998இல் எழுதிய கட்டுரைதான், இந்த உறுப்பு பாடப் புத்தகத்தில் இருப்பதைவிடப் பெரியது என்பதை மருத்துவ உலகுக்கு மறுபடி நினைவூட்டியது. 2005இல் எம்ஆர்ஐ படங்களையும் சேர்த்து இன்னும் விரிவாக எழுதினார்.

2016இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர் ஒடில் ஃபியோ, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளும்படி, முழு அளவில் ஒரு மாதிரியைச் செய்து கொடுத்தார். முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அது என்னவென்றே புரியாது. பூவா, பறவையா என்றுதான் யோசிப்பார்கள்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: வல்வா வெளியே, யோனிக்குழாய் உள்ளே. கிளிட்டோரிஸின் நுனி திண்ணையில் தெரிகிறது. அதன் உடம்பு தோலுக்கு அடியில் வாசலைச் சுற்றிப் பரவியிருக்கிறது.

ஒரே மாவு

பிடிக்கொழுக்கட்டைக்கும் பூரணக் கொழுக்கட்டைக்கும் மாவு ஒன்றுதான். கை வேறு மாதிரி பிடிக்கிறது, அவ்வளவுதான். தாயின் வயிற்றில் முதல் ஏழெட்டு வாரம்வரை ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் வெளி உறுப்பில் வித்தியாசம் கிடையாது. ஒரே ஒரு சின்ன மேடு. ஹார்மோன்களின் போக்கைப் பொறுத்து அந்த மேடு ஒன்றில் ஆண்குறியாக நீள்கிறது, இன்னொன்றில் கிளிட்டோரிஸாக அமைகிறது. பேரிதழ்களாக ஆகும் அதே மடிப்புகள் ஆணுக்கு ஒன்றாக ஒட்டி விதைப்பை ஆகின்றன.

ஆக, ஆணின் குறிக்கு இணையான பெண் உறுப்பு எது என்று கேட்டால், பெரும்பாலோர் யோனிக்குழாய் என்று சொல்வார்கள். விடை தப்பு. இணை கிளிட்டோரிஸ்தான். இதை ஒரு தரம் உள்வாங்கிக்கொண்டால் மீதிக் கட்டுரையைப் படிக்காமலே பாதி புரிந்துவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்குறி வழியாகச் சிறுநீரும் விந்தும் போக வேண்டும். கிளிட்டோரிஸுக்குள் அப்படி எந்தக் குழாயும் ஓடவில்லை. இன்ப உணர்வைத் தவிர வேறு வேலை அதற்கு உறுதியாகத் தெரியவில்லை.

ஏரி நிரம்பும் விதம்

ஏரிக்கு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, மதகு வழியாகப் போகிறது. வரத்தும் போக்கும் சமமாக இருந்தால் மட்டம் ஏறாது. வரத்து கூடிப் போக்கு குறைந்தால் ஏரி நிரம்பும். உடல் கிளர்ச்சி அடைவது என்பது இந்தக் கணக்குதான்.

தண்டு, கால்கள், குமிழ்கள் எல்லாம் உள்ளே பஞ்சு போல, குட்டிக்குட்டி அறைகளாக இருக்கும். இதற்கு விறைக்கும் திசு என்று பெயர். மூளையும் தண்டுவடமும் சமிக்ஞை அனுப்பினால் அங்கே போகும் ரத்தக் குழாய்களின் தசை தளர்கிறது, ரத்தம் அறைகளை நிரப்புகிறது. ஆணுக்கு நடப்பதும் இதேதான். ஆணுக்கு அந்தப் பஞ்சைச் சுற்றியிருக்கும் உறை, ரத்தம் வெளியேறும் வழியை இறுக்கி அடைப்பதால் விறைப்பு வருகிறது. பெண்ணுக்கு அந்த அடைப்பு அவ்வளவு இறுக்கம் இல்லை. அதனால் உறுப்பு வீங்கும், மெத்தென்று ஆகும், கல்லாக ஆகாது. குமிழ்கள் நிரம்பும்போது யோனி வாசல் முழுவதுமே ஒரு மெத்தை விரித்தது போல ஆகிவிடுகிறது. அப்படி ஆவதற்குள் அவசரப்பட்டால் சுகம் போய் உறுத்தல்தான் மிஞ்சும்.

அப்போது ஊறும் ஈரம் எங்கிருந்து வருகிறது? யோனிக்குழாயின் சுவரில் அதற்கென்று சுரப்பி எதுவும் கிடையாது. மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்புறம் கசிந்து நிற்குமே, அது போல, சுவரைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் நிரம்பும்போது அந்த அழுத்தத்தில் தெளிந்த நீர் கசிகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் ஆய்வுக்கூடத்தில் பார்த்து, 1966இல் எழுதிய விஷயம் இது. யோனிக்குழாய் அந்த நேரத்தில் நீளவும் விரியவும் செய்கிறது, கருப்பை கொஞ்சம் மேலே ஏறிக்கொள்கிறது என்பதையும் அவர்கள்தான் பதிவு செய்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புளியங்காயைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். அதற்காக நமக்கு இப்போது புளியங்காய் தின்ன வேண்டும் என்று அர்த்தமில்லை. ஈரமும் அப்படித்தான், உடம்பின் அனிச்சை. அதை வைத்து அவளுக்கு ஆசை இருந்தது, சம்மதம் இருந்தது என்று யாராவது முடிவுகட்டினால் அது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. மறுபக்கமும் உண்டு. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால், மனதில் ஆசை நிறைய இருந்தும் உடம்பு வறண்டு கிடக்கலாம். சளிக்குப் போடும் சில மாத்திரைகளும் அப்படிச் செய்யும். சம்மதத்தை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

விரல் நுனியும் முதுகும்

ஒரு சின்னச் சோதனை. இரண்டு தீக்குச்சிகளை அரை சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்து, கண்ணை மூடச் சொல்லி வீட்டில் ஒருவரின் விரல் நுனியில் மெதுவாக வையுங்கள். இரண்டு முனை என்று உடனே சொல்லிவிடுவார். அதே இடைவெளியில் முதுகில் வைத்தால் ஒன்று என்பார். தோல் எல்லா இடத்திலும் தோல்தான். நரம்பு முனைகளின் நெருக்கம்தான் வேறு.

கிளிட்டோரிஸின் நுனி, விரல் நுனி மாதிரி. யோனிக்குழாயின் உட்பகுதி, முதுகு மாதிரி. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்ஸியின் குழு 1953இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு சோதனை உண்டு. ஐந்து மகளிர் மருத்துவர்கள் 879 பெண்களிடம், கண்ணாடி, உலோகம், பஞ்சு முனை வைத்த குச்சிகளால் ஒவ்வொரு பகுதியாக மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்கள். கிளிட்டோரிஸில் தொட்டதை ஏறக்குறைய எல்லோருமே உணர்ந்தார்கள். யோனிக்குழாயின் சுவரில் தொட்டதை உணர்ந்தவர்கள் 14 சதவீதத்துக்கும் குறைவு. ஆய்வெல்லாம் எதற்கு, மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்க உள்ளே வைக்கும் மென்ஸ்ட்ருவல் கப் பழகியவர்களைக் கேளுங்கள். சரியாக உட்கார்ந்துவிட்டால் உள்ளே ஒன்று இருப்பதே மறந்துபோகும் என்பார்கள். லேசாகத் தொட்டால் தெரியாதே தவிர, அழுத்தமும் விரிவும் உள்ளேயும் உணரப்படும். வாசலை ஒட்டிய முதல் மூன்றில் ஒரு பங்கு மற்றதைவிடக் கூர்மை.

நரம்பு எண்ணிக்கை பற்றி இணையத்தில் 8,000 என்று ஓர் எண் சுற்றிக்கொண்டே இருக்கும். அது மாட்டிடம் செய்த ஆய்விலிருந்து வந்த எண். மனிதரிடம் எண்ணிப் பார்த்தது 2022இல்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநில அறுவை மருத்துவர் பிளேர் பீட்டர்ஸ், பாலினம் மாற்றும் அறுவை செய்துகொண்ட ஏழு பேர் கொடுத்த நரம்புத் துண்டுகளை, ஆயிரம் மடங்கு பெரிதாக்கி எண்ணினார். கிளிட்டோரிஸுக்கு இரண்டு பக்கமும் போகும் முக்கிய நரம்புகளில், இரண்டும் சேர்த்து, சராசரியாக 10,281 இழைகள். ஒப்பிட்டுப் பார்க்க, மணிக்கட்டு வழியாகக் கைக்குப் போகும் நடு நரம்பில் சுமார் 18,000. ஒரு முழுக் கைக்கு 18,000. ஒரு மொட்டுக்கு 10,000.

இப்போது அந்தப் பழைய புலம்பலுக்கு வருவோம். 'உறவின்போது எனக்கு உச்சம் வருவதில்லை, என்னிடம் ஏதோ கோளாறு' என்று பெண்களும், 'என்னிடம் ஏதோ குறை' என்று ஆண்களும் மனதுக்குள் புழுங்குகிறார்கள். லாட்ஜ் வைத்தியரின் லேகிய வியாபாரம் ஓடுவதே இதை நம்பித்தான். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 1,055 பெண்களிடம் கேட்டபோது, உள்நுழையும் உறவு மட்டுமே உச்சத்துக்குப் போதும் என்றவர்கள் சுமார் 18 சதவீதம். கிளிட்டோரிஸ் தூண்டப்பட்டே ஆக வேண்டும் என்றவர்கள் சுமார் 37 சதவீதம். அவசியமில்லை, ஆனால் அது இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று இன்னொரு பெரும் பகுதி. வரைபடத்தைத் தெரிந்துகொண்ட பிறகு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. விரல் நுனி போன்ற இடம் திண்ணையில் இருக்கிறது. நடமாட்டமெல்லாம் ரேழியில் நடக்கிறது. கோளாறு பெண்ணிடமும் இல்லை, ஆணின் அளவிலும் இல்லை. லேகியத்துக்கு நிச்சயம் அங்கே வேலை இல்லை.

ஒரு தப்புக் கோட்பாடு செய்த வேலை

உளப்பகுப்பாய்வை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1905இல் ஒரு கருத்தை எழுதினார். சிறுமிக்கு இன்பம் கிளிட்டோரிஸில் இருக்கும், வளர்ந்து முதிர்ந்த பெண்ணுக்கு அது யோனிக்குழாய்க்கு மாறிவிட வேண்டும் என்பது அதன் சாரம். மாறாவிட்டால் அவள் முதிரவில்லை. எந்த உடலையும் அறுத்துப் பார்த்துச் சொன்னதில்லை இது. ஆனாலும் அரை நூற்றாண்டுக்கும் மேல் மருத்துவர்களே இதைப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் நெப்போலியன் வம்சத்து இளவரசி மாரி போனபார்ட். தனக்கு ஏன் உறவின்போது உச்சம் வருவதில்லை என்று துருவியவர், 243 பெண்களிடம் கிளிட்டோரிஸின் நுனிக்கும் யோனி வாசலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்த விவரங்களைத் திரட்டி, 1924இல் புனைபெயரில் கட்டுரை எழுதினார். தூரம் குறைவாக உள்ள பெண்களுக்கு உறவிலேயே உச்சம் வருவது எளிது என்பது அவர் கண்டது. 2011இல் அந்தப் பழைய அளவுகளை நவீனப் புள்ளியியலில் போட்டுப் பார்த்தவர்களும் அந்தத் தொடர்பு தெரிவதாகவே எழுதினார்கள். இத்தனையும் கண்ட அந்த அம்மா அடுத்து என்ன செய்தார் தெரியுமா? கிளிட்டோரிஸை வாசலுக்குப் பக்கத்தில் இறக்கி வைக்க அறுவை செய்துகொண்டார். அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட தரம். பலன் இல்லை. அந்தக் காலத்திலேயே ஃப்ராய்டின் நெருங்கிய சீடராகவும் இருந்தார். தன் அளவுகோல் சொன்னதைவிடக் கோட்பாடு சொன்னதை அவர் அதிகம் நம்பியதுதான் எனக்கு இந்தக் கதையில் தாங்க முடியாத இடம்.

அப்போ ஜி ஸ்பாட்?

எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1950இல், யோனிக்குழாயின் முன்சுவரில், சிறுநீர்த் தாரையை, அதாவது சிறுநீர் வெளியேறும் குழாயை ஒட்டி, கூர்மையான உணர்வுள்ள ஒரு பகுதி இருப்பதாக எழுதினார். 1980களின் தொடக்கத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்தை வைத்து 'ஜி ஸ்பாட்' என்று பெயரிட்டார்கள். பத்திரிகைகள் அதை ஒரு பொத்தான் ஆக்கிவிட்டன, அமுக்கினால் மணி அடிக்கும் என்பது போல.

அறுத்துத் தேடியவர்களுக்கு அங்கே தனியாக ஓர் உறுப்பு கிடைக்கவில்லை. அதற்காக அங்கே இன்பம் உணரும் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்றும் ஆகாது. கவட்டையை மறுபடி நினைத்துப் பாருங்கள். முன்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? கிளிட்டோரிஸின் உட்பகுதி, குமிழ்கள், சிறுநீர்த் தாரையைச் சுற்றிய திசு, எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சுவரை இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் உள்ளவை அசைகின்றன. அதனால் பொத்தான் என்று தேடாமல் ஒரு வட்டாரம் என்று நினைப்பதுதான் சரி. சிலருக்கு அந்த வட்டாரம் கூர்மை, சிலருக்கு ஒன்றுமே தோன்றாது. இரண்டும் இயல்பு.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டே முறுக்கினால்

இவ்வளவு நேரம் இடுப்புக்குக் கீழேயே சுற்றினோம். ஏரிக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆள் மேலே மூளையில் இருக்கிறார்.

ஜான் பான்கிராஃப்ட், எரிக் யான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு எளிதாகப் புரியும். மூளையில் ஆக்ஸிலரேட்டர் ஒன்று, பிரேக் ஒன்று. வாசனை, பேச்சு, தொடுதல், நினைப்பு எல்லாம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும். பயம், களைப்பு, வலி, கர்ப்பம் ஆகிவிடுமோ என்ற கவலை, தன் உடம்பு பற்றிய கூச்சம் எல்லாம் பிரேக். கூட்டுக் குடும்ப வீட்டில் பக்கத்து அறையில் மாமியார் இருமும் சத்தம் கேட்டாலே பலருக்குப் பிரேக் முழுசாக விழுந்துவிடும். வண்டி ஓடவில்லை என்றால் நாம் ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்குகிறோம். முதலில் பிரேக்கிலிருந்து கையை எடுக்க வேண்டும். கதவுக்கு ஒழுங்கான தாழ்ப்பாள் போடுவது சில வீடுகளில் எந்த மருந்தையும்விட வேலை செய்யும்.

ஏரி நிரம்பி, நரம்புச் செய்திகள் ஓர் எல்லையைத் தாண்டும்போது வருவதுதான் உச்சம். இடுப்பெலும்புக் கிண்ணத்தின் அடியில் தொட்டில் துணி போலத் தாங்கி நிற்கும் இடுப்புத்தளத் தசைகள், முதலில் முக்கால் வினாடிக்கு ஒரு தரம் போல, தாளமாகச் சுருங்கி விரிகின்றன. இது பலருக்குச் சில வினாடிகளில் முடியும். கிளிட்டோரிஸ் உச்சம், யோனி உச்சம் என்று பிரித்து மதிப்பெண் போடும் பழக்கம் ஃப்ராய்டின் மிச்சம். எந்த வழியாகத் தூண்டல் வந்தாலும் பெரும்பாலும் இதே உறுப்புத் தொகுதிதான் வேலை செய்கிறது. உச்சம் வந்தே தீர வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பரீட்சை வைப்பதும் பிரேக் கணக்கில்தான் சேரும்.

கன்னித்திரை

இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அது திரையே இல்லை. முடிக்குப் போடும் சுருக்குத் துணி பேண்டு மாதிரி, ரேழியின் நுழைவில் ஓரமாகச் சுற்றியிருக்கும் நெகிழும் மடிப்பு. முழுசாக மூடியிருந்தால் மாதவிடாய் ரத்தம் எப்படி வெளியே வரும்? அபூர்வமாகச் சிலருக்கு அப்படி மூடியிருப்பது உண்டு. அதற்குச் சிறிய அறுவை தேவைப்படும். மற்றபடி முதல் உறவில் ரத்தம் வராத பெண்கள் ஏராளம். ஒரு பெண் உறவு கொண்டவளா என்பதை அதைப் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. பாலியல் வன்முறை வழக்குகளில் நடந்துவந்த இரண்டு விரல் சோதனையைச் செய்பவர்கள் ஒழுங்கீனக் குற்றத்துக்கு உள்ளாவார்கள் என்று நம் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டித்தது.

வலித்தால்

'முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். முதல் சில முறை லேசான உறுத்தல் இருக்கலாம். தொடர்ந்து வலித்தால் அது பழக வேண்டிய விஷயம் இல்லை, பார்க்க வேண்டிய விஷயம்.

வறட்சிதான் காரணம் என்றால் மருந்துக் கடையில் தண்ணீர் சார்ந்த மசகு ஜெல் கிடைக்கிறது. நம் வீடுகளில் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்க்கு. ஆணுறை போட்டிருந்தால் அது கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிக் கிழியும். சோப்பு, வாசனைத் திரவம், டெட்டால் எதையும் ரேழிக்குள் விடாதீர்கள். அங்கே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள், தயிர் உறைய வைப்பவற்றின் உறவுக்காரர்கள், புளிப்பு அமிலம் சுரந்து கிருமிகளை விரட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கழுவிவிட்டால் தொற்றுதான் வரும். வெளியே, திண்ணையை மட்டும், வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

சிலருக்கு நுழைவு முயற்சியிலேயே இடுப்புத்தளத் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும். வஜைனிஸ்மஸ் என்பார்கள். கண்ணில் தூசி விழப்போகும்போது இமை மூடுவது போல அது அவர் கையில் இல்லை. 'ஒத்துழைக்க மாட்டேங்கிறா' என்று திட்டினால் இன்னும் இறுகும். தசைப் பயிற்சியாலும் ஆலோசனையாலும் சரியாகக்கூடியது. ஆழத்தில் வலித்தால் கருப்பைக்கு வெளியே அதன் உட்படலம் போன்ற திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்றவை இருக்கலாம், ஸ்கேன் தேவைப்படும்.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு துண்டுத் தாளில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு போங்கள். திண்ணையில் தொட்டாலே எரிகிறதா? வாசலில் நுழையும்போது இறுகுகிறதா? இல்லை, ரேழியைத் தாண்டிக் கூடத்துப் பக்கம் வலிக்கிறதா? முதலாவது பெரும்பாலும் தோல் சம்பந்தப்பட்டது, இரண்டாவது தசை, மூன்றாவது கருப்பையும் அதைச் சுற்றியுள்ளவையும். 'கீழ' என்பதற்குப் பதில் இதைச் சொன்னால், மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதி குறைந்துவிடும்.